வீட்டு காக்பிட்டில் பிழை பிடிப்பது எப்படி: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வீட்டில் கட்டும் விமான ஓட்டி அறை: செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் மாதிரியில் ஒரு யோக் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி), த்ராட்டில் (எஞ்சின் வேக லீவர்), ரடர் பெடல் (வாலைத் திருப்பும் மிதி), ஐம்பது அறுபது ஸ்விட்ச், ரேடியோ பேனல், நாலைந்து ஊசி மீட்டர். இவற்றை ஆர்டுயினோ மெகா, ப்ரோ மைக்ரோ என்ற சிறு மின்னணு போர்டுகளில் இணைத்து, போர்டையும் சிமுலேட்டரையும் இணைக்கும் மொபிஃப்ளைட் மென்பொருள் வழியாகவோ நேரடி ஜாய்ஸ்டிக்காகவோ மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரிலோ எக்ஸ்-பிளேன் 12-இலோ ஓட்டுகிறவர்களுக்கான குறிப்பு இது. போயிங் 737 பேனல் கட்டுகிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். எண்ணிக்கைதான் கூடும், பிழைகளின் குணம் ஒன்றுதான்.

எந்த அறிகுறியானாலும் சோதிக்க வேண்டிய இடங்கள் மூன்று. போர்டின் பின்னில் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது முதலாவது. அந்தப் பின்னின் மதிப்பை போர்டு எப்படிப் படிக்கிறது என்று ஆர்டுயினோ சீரியல் மானிட்டரிலோ, விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பேனலிலோ பார்ப்பது இரண்டாவது. சிமுலேட்டர் கடைசி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். யோக் நடுங்குகிறது என்றவுடன் சிமுலேட்டருக்குள் போய் டெட்சோனை (நடுவில் சிமுலேட்டர் கண்டுகொள்ளாத அசைவின் அளவு) பத்து சதவீதத்துக்கு ஏற்றிவிடுவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் மிக அதிகமாக நடக்கும் தவறு. நடுக்கம் கண்ணில் மறையும். ஆனால் தரையிறங்கும்போது மூக்கை ஒரு சிட்டிகை தூக்க வேண்டிய அந்த நுண்ணிய அசைவும் சேர்ந்து மறைந்துவிடும். பழுது வயரில் இருந்தால் அதை வயரில்தான் சரிசெய்ய வேண்டும்.

போர்டு கணினியில் தெரியவே இல்லை

முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆகும் யுஎஸ்பி கேபிளில் டேட்டா வயர்கள் இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கணினி கண்டுகொள்ளாது. அடுத்தது டிரைவர். விலை குறைந்த மெகா போர்டுகளில் பெரும்பாலும் சிஎச்340 என்ற யுஎஸ்பி சிப் இருக்கும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அதற்கான டிரைவரை நிறுவுங்கள்.

மெகா சரியாக வேலை செய்தாலும் கேம் கன்ட்ரோலர் பேனலில் வராது. அது ஜாய்ஸ்டிக் இல்லை, வெறும் சீரியல் சாதனம். மொபிஃப்ளைட் போன்ற மென்பொருள்தான் அதோடு பேசும். ஜாய்ஸ்டிக்காகத் தெரிய வேண்டுமென்றால் ஏடிமெகா32யு4 சிப் உள்ள ப்ரோ மைக்ரோ அல்லது லியோனார்டோ வேண்டும். ப்ரோ மைக்ரோவில் தவறான நிரல் ஏறி அது காணாமல் போனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரீசெட் பின்னைக் கிரவுண்டோடு அடுத்தடுத்து இரண்டு முறை தொட்டால் புதிய நிரலை வாங்கிக்கொள்ளும் பூட்லோடர் சுமார் 8 விநாடிக்கு விழித்திருக்கும். அந்த இடைவெளியில் புதிய நிரலை ஏற்றிவிடலாம்.

ஒரே மாதிரி ப்ரோ மைக்ரோ இரண்டை வைத்திருந்தால் இரண்டும் ஒரே பெயரில் தெரியும். யுஎஸ்பி போர்ட்டை மாற்றிச் செருகிய மறுநாள் த்ராட்டில் ரடராகவும் ரடர் த்ராட்டிலாகவும் மாறிப்போவது இதனால்தான். ஆர்டுயினோவின் போர்டு அமைப்புக் கோப்பில் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண்ணும் பெயரும் கொடுத்து நிரலை மறுபடி ஏற்றுங்கள். அதுவரை எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில் என்று ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள்.

யோக்கைத் தொடாமலேயே விமானத்தின் மூக்கு ஆடுகிறது

யோக்கை நடுவில் அசையாமல் விட்டுவிட்டு, அந்த அச்சின் (அசைவைக் காட்டும் எண்) மதிப்பை சீரியல் மானிட்டரில் கவனியுங்கள். மெகாவும் ப்ரோ மைக்ரோவும் 0 முதல் 5 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையிலான எண்ணாகப் படிக்கின்றன. ஒரு எண்ணுக்கு ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். எண் ஒன்றிரண்டு மேலும் கீழும் போனால் அது இயல்பு. நிரலில் 8 அல்லது 16 அளவீடுகளின் சராசரியை எடுத்தால் அடங்கிவிடும். ஐந்து பத்து என்று குதித்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

யோக்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெல்ல நகர்த்துங்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் எண் தாறுமாறாகத் துள்ளினால், அசைவை மின்னழுத்தமாக மாற்றும் பொட்டன்ஷியோமீட்டரின் உள்ளே கார்பன் தடம் தேய்ந்திருக்கிறது அல்லது தூசி படிந்திருக்கிறது. யோக் எப்போதும் ஓய்வெடுக்கும் நடுப்புள்ளியில்தான் இது முதலில் வரும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் கொஞ்ச நாள் ஓடும். நிரந்தரத் தீர்வு மாற்றுவதுதான். மாற்றுவதானால் காந்தப்புலத்தை உணரும் 49இ வகை ஹால் சென்சரும் ஒரு சிறிய காந்தமும் போடுங்கள். உரசும் பாகமே இல்லாததால் தேயாது. அதன் வெளியீடு காந்தமில்லாதபோது ஏறக்குறைய 2.5 வோல்ட்டில் நிற்கும், இருபுறமும் 0-வையோ 1023-ஐயோ எட்டாது. அதனால் கிடைக்கும் எல்லைகளை அளந்து நிரலில் விரித்துக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் இரும்புத் திருகு இருந்தால் காந்தப்புலம் கோணலாகும். பித்தளை அல்லது நைலான் திருகு போடுங்கள்.

முழு தூரமும் நடுங்கினால் தடம் காரணமில்லை. கிரவுண்ட் வயரை ஆட்டிப் பாருங்கள். பெண் முனை ஜம்பர் வயர்கள் நாளாக நாளாகத் தளரும். நிரந்தர காக்பிட்டில் அவற்றுக்கு இடமே கொடுக்கக் கூடாது, சால்டர் வையுங்கள் அல்லது திருகு டெர்மினல் போடுங்கள். பிறகு, போர்டுக்கு அருகில், சிக்னல் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்யுங்கள். பல நடுக்கங்கள் இதிலேயே நின்றுவிடும்.

நடுவிலிருந்து சற்று நகர்த்தினாலே விமானம் பாய்கிறது, ஓரங்களில் மந்தமாக இருக்கிறது என்றால் பொட்டன்ஷியோமீட்டரின் முதுகைப் பாருங்கள். பி10கே என்றால் நேர்கோட்டு வகை, அதுதான் வேண்டும். ஏ10கே ஒலி அளவுக்கான மடக்கை வகை. எழுத்து அழிந்திருந்தால் வயர்களைக் கழற்றி, தண்டை நட்டநடுவில் வைத்து, நடுக்காலுக்கும் இரு ஓரக்கால்களுக்கும் இடையே ஓம் அளவிடுங்கள். இரு பக்கமும் 5 கிலோ ஓம் பக்கத்தில் இருந்தால் சரியான வகை.

இன்னொரு வகை உண்டு: எண் நடுங்குவதில்லை, ஆனால் யோக்கை வலப்புறம் திருப்பி விட்டால் 519-இலும் இடப்புறம் திருப்பி விட்டால் 505-இலும் நிற்கிறது. இது முழுக்க முழுக்க இயந்திரப் பிழை. தண்டுகளை இணைக்கும் கப்ளிங்கின் பூட்டுத் திருகு தளர்ந்திருக்கும், பற்சக்கரங்களுக்கு இடையே லூஸ் இருக்கும், அல்லது ஸ்பிரிங்கை விட குழாயின் உராய்வு அதிகமாக இருக்கும். தண்டில் ஒரு பக்கத்தை அரம் போட்டுத் தட்டையாக்கி அதன்மேல் திருகைப் பூட்டுங்கள். குழாய் ஓடும் இடத்தில் டெஃப்லான் புஷ் போடுங்கள். இதெல்லாம் செய்த பிறகும் மிச்சமிருக்கும் இரண்டு மூன்று சதவீதத்துக்கு டெட்சோன் வைப்பதில் தப்பில்லை. டெட்சோன் இருப்பதே அதற்காகத்தான்.

யோக் மொத்தம் 180 டிகிரி திரும்புகிறது, பொட்டன்ஷியோமீட்டரோ 300 டிகிரி திரும்பக்கூடியது. நேரடியாகப் பூட்டினால் 1023-இல் 600 சொச்சம்தான் பயன்படும். 4:3 விகிதப் பற்சக்கரம் போட்டால் 240 டிகிரி கிடைக்கும், இருபுறமும் 30 டிகிரி மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் அவசியம். கையின் பலத்தைத் தாங்க வேண்டியது சட்டத்தில் நீங்கள் வைக்கும் மரக்கட்டையோ ரப்பர் தடுப்போதான். பொட்டன்ஷியோமீட்டரின் உள் தடுப்பு இல்லை. அது தாங்கத் தொடங்கினால் சில வாரங்களில் உடையும்.

ஒரு லீவரை நகர்த்தினால் இன்னொன்றும் அசைகிறது

பயன்படுத்தாத அனலாக் பின் எதையாவது நிரல் படித்துக்கொண்டிருந்தால், அந்தரத்தில் தொங்கும் அந்தப் பின் பக்கத்து அச்சின் மதிப்பைக் காப்பியடிக்கும். அதைக் கிரவுண்டோடு இணையுங்கள், அல்லது நிரலிலிருந்து நீக்குங்கள். பின் எதுவும் தொங்கவில்லை என்றால் 100 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டர் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். சிப்புக்குள் எல்லா அனலாக் பின்னுக்கும் சேர்த்து அளவீட்டுச் சுற்று ஒன்றுதான். ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது, மின்தடை அதிகமான மூலத்தால் அதை நேரத்துக்குள் நிரப்ப முடியாது. 10 கிலோ ஓமுக்கு மாறுங்கள். மாற்ற வழியில்லை என்றால் ஒவ்வொரு பின்னையும் இரண்டு முறை படித்து முதல் அளவீட்டைத் தள்ளிவிடுங்கள்.

த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால் போர்டே அணைகிறது

உடனே கேபிளைப் பிடுங்குங்கள். பொட்டன்ஷியோமீட்டரின் நடுக்கால் சிக்னல் பின்னுக்குப் போக வேண்டியது. அது கிரவுண்டுக்கோ 5 வோல்ட்டுக்கோ போயிருக்கிறது. பாதி தூரம் வரை போர்டு அணையாமலே இருக்கும். லீவர் ஓரத்தைத் தொடும்போது 5 வோல்ட்டும் கிரவுண்டும் நேரடியாகச் சேர்ந்து, யுஎஸ்பி போர்ட் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை நிறுத்துகிறது. நடுக்கால் சிக்னல், ஓரக்கால்கள் இரண்டும் மின்சாரம். ஓரக்கால்களை இடம் மாற்றினால் திசை மட்டுமே திரும்பும், ஆபத்தில்லை.

விண்டோஸ் பேனலில் சரியாக இருக்கிறது, சிமுலேட்டரில் மட்டும் த்ராட்டில் தவறுகிறது

இப்போதுதான் சிமுலேட்டர் அமைப்புக்குள் போக வேண்டும். லீவர் பாதியில் இருக்கும்போதே எஞ்சின் ஐடிலுக்கோ முழு வேகத்துக்கோ போனால், மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் உள்ள இரு வகை த்ராட்டில் அச்சுகளில் தவறானது ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒன்று வெறும் த்ராட்டில் அச்சு, மற்றொன்று 0 முதல் 100 சதவீதம் என்று குறித்தது. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போடுங்கள். லீவரை வைத்த இடத்தில் எஞ்சின் நிற்காமல் தானாகத் துள்ளினால், அதே அச்சு மேசை மேல் கிடக்கும் வேறொரு கேம்பேடிலும் ஒதுக்கப்பட்டிருக்கும். இணைத்துள்ள ஒவ்வொரு சாதனத்தின் பட்டியலையும் திறந்து த்ராட்டில், ரடர், பிரேக் மூன்றையும் தேடி நீக்குங்கள்.

ஹெடிங் (பறக்கும் திசை) குமிழை ஒரு கிளிக் திருப்பினால் இரண்டு டிகிரி நகர்கிறது, அல்லது இரண்டு கிளிக்குக்கு ஒன்றுதான்

குமிழின் சுழற்சியைத் துடிப்புகளாக மாற்றும் ரோட்டரி என்கோடர்கள் எல்லாம் வெளியே ஒன்று போலத்தான் இருக்கும்; உள்ளே வேறு. இசி11 வகையிலேயே, சுற்றுக்கு 20 கிளிக்கும் 20 துடிப்பும் உள்ளதும் உண்டு, 30 கிளிக்கும் 15 துடிப்பும் உள்ளதும் உண்டு. முதலாவதில் ஒரு கிளிக்குக்கு ஒரு முழுத் துடிப்பு. இரண்டாவதில் ஒரு கிளிக்குக்கு அரைத் துடிப்பு. ஒன்றுக்கு எழுதிய நிரலில் மற்றதைப் போட்டால் எண்ணிக்கை இரட்டிக்கும் அல்லது பாதியாகும். மொபிஃப்ளைட்டில் என்கோடர் வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் இருக்கிறது. சரியாக வரும்வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். அதற்கு முன் குமிழில் பேனாவால் ஒரு கோடு போட்டு, முழுச் சுற்றுக்கு எத்தனை கிளிக் என்று எண்ணிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எண் சில சமயம் முன்னே போய் ஒன்று பின்னால் வருகிறது என்றால் அது தொடர்புப்புள்ளி துள்ளுவது. ஏ, பி கால்கள் இரண்டிலும் கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் மின்தடை போடுங்கள். மெதுவாகத் திருப்பினால் சரி, வேகமாகத் திருப்பினால் விட்டுவிட்டுப் போகிறது என்றால் நிரல் வேறெங்கோ நேரம் செலவிடுகிறது. சொந்தமாக நிரல் எழுதுகிறவர்களிடம் இது பெரும்பாலும் எல்சிடி திரையைத் திரும்பத் திரும்ப எழுதுவதால் வரும். மதிப்பு மாறும்போது மட்டும் திரையை எழுதுங்கள், என்கோடரை, மாற்றத்தை உடனே கவனிக்கும் இன்டரப்ட் பின்னுக்கு மாற்றுங்கள். மெகாவில் அவை 2, 3, 18, 19, 20, 21. எல்சிடி ஐ2சி வகை (இரண்டே டேட்டா வயரில் பேசுவது) என்றால் 20, 21 இரண்டும் அதற்குப் போய்விடும்.

ஃபிளாப்பை 10-இலிருந்து 20-க்குத் திருப்பும்போது ஒரு கணம் மேலே ஏறிவிட்டு இறங்குகிறது

172-இன் ஃபிளாப் (இறக்கையின் பின்புறம் இறங்கும் மடல்) லீவருக்கு ‘மேலே’, 10, 20, ‘முழுசு’ என்று நான்கு நிலை. வீட்டில் இதற்குப் பலரும் போடுவது நான்கு நிலை ரோட்டரி ஸ்விட்ச். இதில் பழைய தொடர்பு விட்ட பிறகுதான் புதிய தொடர்பு பிடிக்கும். நடுவில் சில மில்லி விநாடிகள் எந்தப் பின்னும் கிரவுண்டைத் தொட்டிருக்காது. ஒரு பின்னை மிச்சம் பிடிக்க, ‘மூன்றும் திறந்திருந்தால் ஃபிளாப் மேலே’ என்று எழுதியிருந்தால், அந்த இடைவெளியை நிரல் ஃபிளாப்பை ஏற்றும் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. இறுதி அணுகலில் தூக்குவிசை குறையத் தொடங்க அது போதும்.

நான்கு நிலைக்கும் நான்கு பின் கொடுங்கள். ஸ்விட்ச் பிடிக்கும்போது மட்டும் கட்டளை அனுப்புங்கள், விடும்போது எதுவும் அனுப்ப வேண்டாம். பின்னே மிச்சமில்லை என்றால், மூன்றும் தொடர்ந்து 200 மில்லி விநாடி திறந்திருந்தால் மட்டுமே ‘மேலே’ என்று கொள்ளச் சொல்லுங்கள். ஆஃப், ஆர், எல், போத், ஸ்டார்ட் என்று ஐந்து நிலை உள்ள மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது) சாவிக்கும் இதே கதைதான். எல்-இலிருந்து போத்துக்குத் திருப்பும்போது எஞ்சின் இருமினால் சாவியைக் குறை சொல்லாதீர்கள். இடையில் ஆஃப் போயிருக்கிறது.

லேண்டிங் லைட் ஸ்விட்ச் மேலே இருந்தால் திரையில் அணைந்தும், கீழே இருந்தால் எரிந்தும் காணப்படுவது வேறு பிழை. நீங்கள் ஒதுக்கியது டாகிள் கட்டளை. அது இருக்கிற நிலையை மாற்றும், அவ்வளவுதான். சிமுலேட்டர் தொடங்கும்போது ஒரு முறை நிலை பிசகினால் கடைசிவரை தலைகீழாகவே ஓடும். ஆன், ஆஃப் என்று தனித்தனிக் கட்டளையை ஒதுக்குங்கள்.

யாரும் தொடாத ஸ்விட்ச் தானாக இயங்கினால் அந்தப் பின்னுக்கு புல்அப் (அதை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் மின்தடை) இல்லை. நிரலில் உள் புல்அப்பை இயக்குங்கள். அது 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருக்கும், ஓவர்ஹெட் பேனல் வரை போகும் நீள வயருக்குச் சற்று பலவீனம். அங்கே 5 வோல்ட்டுக்கு வெளியிலிருந்து 4.7 கிலோ ஓம் போடுங்கள். மெகாவின் 0, 1 பின்கள் யுஎஸ்பி தொடர்புக்கு உரியவை. அவற்றில் ஸ்விட்ச் வைக்காதீர்கள்.

மூன்று பட்டன் அழுத்தினால் அழுத்தாத நான்காவதும் வேலை செய்கிறது

ஸ்விட்ச்களை வரிசை, நெடுவரிசையாகக் கோக்கும் மேட்ரிக்ஸ் வயரிங்கில் டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடுவது) இல்லை. செவ்வகத்தின் மூன்று மூலைகள் மூடினால் மின்சாரம் சுற்றி வந்து நான்காவதையும் மூடியதாகக் காட்டும். ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் ஒரு 1என்4148 டையோடு, எல்லாக் கறுப்புக் கோடும் ஒரே திசையில். எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை என்றால் நிரல் வரிசையையும் நெடுவரிசையையும் இடம் மாற்றிப் படிக்கிறது. டையோடுகளைக் கழற்றாமல் இரண்டையும் நிரலில் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். பட்டன்கள் 32-க்கு மேல் போனால் விண்டோஸின் பழைய பேனல் மிச்சத்தைக் காட்டாது. காட்டவில்லை என்பதால் வேலை செய்யவில்லை என்று பொருளில்லை. சிமுலேட்டரிலேயே அழுத்திப் பாருங்கள்.

ரேடியோ டிஸ்ப்ளேயில் எல்லாக் கோடும் ஒருசேர எரிகிறது, அல்லது புரியாத உருவங்கள்

மேக்ஸ்7219 சிப், கத்தோடு பொதுவான ஏழு கோட்டு எண்பலகையை மட்டுமே ஓட்டும். ஆனோடு பொதுவானதை மாட்டினால் உருவங்கள் குழம்பும். எண்பலகையை மாற்றுவதே வழி. எல்லாம் முழு வெளிச்சத்தில் எரிந்து நின்றால், இரைச்சலில் சிப் சோதனை நிலைக்குப் போய்விட்டது. 19-ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிடிக், 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் இரண்டையும் காலையொட்டியே வையுங்கள். கிரவுண்ட் கால்கள் 4, 9 என இரண்டு. இரண்டையும் இணைக்க வேண்டும். டேட்டா வயரை 30 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். 18-ஆம் காலின் மின்தடை 10 கிலோ ஓம் என்றால் முழு வெளிச்சம், இருட்டறையில் கண் கூசும். 22 அல்லது 33 கிலோ ஓம் போட்டால் இரவுப் பறப்புக்கு இதமாக இருக்கும், மின்சாரமும் மிச்சம்.

பேனலின் பின்விளக்குப் பட்டை 12 வோல்ட் என்றால் அதை இயக்க மாஸ்ஃபெட் (மின்னணு ஸ்விட்ச்) வேண்டும். ஐஆர்எஃப்520 போட்ட மாட்யூல் 5 வோல்ட்டில் முழுசாகத் திறக்காது. விளக்கு மங்கும், மாஸ்ஃபெட் சுடும். ஐஆர்எல்இசட்44என் போடுங்கள்.

மீட்டர் ஊசி துடிக்கிறது, அல்லது பறக்கப் பறக்கத் தவறான இடம் காட்டுகிறது

ஊசியைத் திருப்பும் சர்வோ மோட்டார் துடித்தால் மின்சாரப் பற்றாக்குறை. எஸ்ஜி90 வகை சர்வோ ஒன்றே சிக்கி நின்றால் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து கொடுக்காமல் 5 வோல்ட் 3 ஆம்பியர் தனி சப்ளை வையுங்கள். அதன் கிரவுண்டைப் போர்டின் கிரவுண்டோடு சேருங்கள், பாசிட்டிவைச் சேர்க்காதீர்கள். சப்ளை வயர் முனையில் 1000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று.

ஸ்டெப்பர் (சிறு சிறு அடியாகச் சுழலும் மோட்டார்) ஓட்டும் ஊசிக்கு வேறு கணக்கு. எக்ஸ்27.168 மோட்டார் 315 டிகிரி சுற்றும், உள்ளேயே தடுப்பு உண்டு. தொடங்கும்போது தடுப்பு வரை பின்னால் ஓட்டிச் சுழியத்தைப் பிடிக்க வேண்டும். பறக்கும்போது சிறிது சிறிதாகப் பிசகினால் ஊசி கனம், அல்லது நிரல் வேகமாக ஓட்டுகிறது. அக்ரிலிக் ஊசியை விட்டு மெல்லிய பிளாஸ்டிக் ஊசிக்கு மாறுங்கள், வேகத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். திசைகாட்டி, உயரமானி போல முழுச் சுற்று வேண்டிய இடத்தில் 28பிஒய்ஜே-48 போடுவார்கள். சுற்றுக்கு 2048 ஸ்டெப். இதில் தடுப்பு இல்லாததால், சுழியத்தைக் காட்ட ஹால் அல்லது ஒளி சென்சர் இல்லாமல் சரியான இடம் கிடைக்கவே கிடைக்காது.

அரை மணி நேரம் நன்றாகப் பறந்த பிறகு போர்டு துண்டிக்கப்படுகிறது

விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் மேம்பட்ட அமைப்புக்குள் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை நிறுத்துங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும், இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி என்ற டிக்கை எடுங்கள். அதிலும் நிற்கவில்லையென்றால் சுமையைக் கூட்டிப் பாருங்கள்: யுஎஸ்பி 2.0 போர்ட்டின் அளவு 500 மில்லி ஆம்பியர், 3.0-இல் 900. தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் நான்கு போர்டும் இரண்டு டிஸ்ப்ளேயும் தொங்கினால் எல்லாம் எரியும் நொடியில் விழும். தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள். கேபிள் நீளம் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது.

ஸ்டார்ட்டரை அழுத்தும்போதோ, இருக்கைக்கு அடியில் உள்ள பேஸ் ஷேக்கர் அதிரும்போதோ மட்டும் விழுந்தால், ஷேக்கரின் வயரும் யுஎஸ்பி கேபிளும் ஒரே கட்டில் போகின்றன. ஒரு சாண் இடைவெளி விட்டுப் பிரியுங்கள். தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டட்டும்.

எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் தரையிறக்கம் மட்டும் கைகூடவில்லை

இதுவும் கட்டுமானப் பிழையாக இருக்கலாம். பார்வைக்கோணத்தைச் சோதியுங்கள். 27 அங்குலத் திரையின் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர். கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால் அது அடைக்கும் கோணம் 53 டிகிரி, 80 சென்டிமீட்டரில் 41 டிகிரிதான். சிமுலேட்டரில் அதைவிட அகலமாக வைத்திருந்தால் ஓடுதளம் உள்ளதைவிடத் தள்ளித் தெரியும், மூக்கைத் தூக்கத் தாமதமாகும். எக்ஸ்-பிளேனில் கிடைமட்டப் பார்வைக்கோணத்தை இந்தக் கணக்குப்படி வையுங்கள். மூன்று திரை என்றால் பக்கத்துத் திரைகளை 53 டிகிரியோடு சட்டத்தின் தடிமனுக்கு ஒன்றிரண்டு டிகிரி கூட்டித் திருப்புங்கள். மேசையிலும் அதே கோணத்தில் அவை நிற்க வேண்டும். தொடுவானம் உங்கள் கண்மட்டத்தில் இருக்கும்படி திரையையோ இருக்கையையோ உயர்த்துங்கள். டிவியைத் திரையாக வைத்திருந்தால் கேம் மோடைப் போடுங்கள். இல்லாவிட்டால் படம் தாமதித்து வரும். நீங்கள் யோக்கை அதிகமாக இழுத்து, பிறகு அதைத் திருத்த மறுபடி தள்ளி, விமானத்தை அலையவிடுவீர்கள்.